பவர் ஹவுஸ் சக்கரம் தானாகச் சுற்றிய கார்த்திகை

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் காரைக்குடியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நான் முன்பு பொறியாளராக இருந்த மண் அணையின் கரைக்குள் கசிவை அளக்கும் மின்னணுக் கருவிகளைப் பதிக்கப் போகிறார்களாம். இனிமேல் கரைக்குள் ஈரம் ஏறினால் அவர்கள் கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். நல்ல காரியம் என்றேன். காபி குடித்து முடித்தபின் அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், கரைக்குக் கீழ ஒரு பழைய பவர் ஹவுஸ் இருக்குல்ல? அதுக்குள்ள ஜன்னல் உயரத்துக்கு மணலும் கல்லுமா நிரப்பி வச்சிருக்கீக. ஃபைல்ல 'பாதுகாப்பு நடவடிக்கை'ன்னு ஒரு வரிதான் இருக்கு. வேலைக்கு வர்ற ஆளுக மத்தியானம் ஆச்சுன்னா அங்குட்டுப் போக மாட்டேங்குறாக. என்ன நடந்துச்சு?"

நடந்ததை அலுவலக நடையில் எழுத முடியவில்லை. அதனால்தான் ஃபைலில் ஒரு வரி. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அரசு கட்டவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், பர்மாவில் தொழில் செய்து வந்த ஒரு செட்டியார் குடும்பம் தங்கள் ஊர் வீடுகளில் மின்விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியது. எங்கள் பக்கத்து ஆறு மழைக்காலத்தில்தான் ஆறு. மற்ற மாதங்களில் மணல். ஆனாலும் மண்ணால் உயரமாகக் கரை போட்டு, அதன் வயிற்றுக்குள் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு இரும்புக் குழாயைப் புதைத்து, அதன் வழியே வரும் தண்ணீரில் ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள். அந்தச் சக்கரம் இருந்த கட்டடம்தான் பவர் ஹவுஸ். வருஷத்தில் சில மாதங்கள் ஊரில் விளக்கு எரிந்தது. பிறகு அரசாங்க மின்சாரம் வந்தது. இயந்திரம் நின்றது. கம்பிகளைக் கழற்றினார்கள். நீர்ப்பக்கம் குழாயின் வாயைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அணை எங்கள் துறைக்கு வந்து பாசன அணையானது. குழாய் மட்டும் கரைக்குள்ளேயே கிடந்தது.

ராமையா என்ற ஒருவரையும் சொல்ல வேண்டும். நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தச் சக்கரத்தை ஓட்டியவர். ஊரில் 'டைனமோக்காரர்' என்பார்கள். ஒரு நாள் உச்சி வேளையில் சக்கரக் குழியில் இறங்கி, சிக்கியிருந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் மேலே யாரோ மதகுப் பலகையைத் தூக்கிவிட்டார்கள். அதன்பின் இயந்திரம் நிற்கும் வரை வேறொருவர் ஓட்டினார் என்றாலும், அந்தக் கட்டடம் ராமையாவினுடையதாகவே இருந்தது.

நான் நாச்சியாபுரத்துப் பெண். அப்பா பள்ளி ஆசிரியர். மதுரையில் படித்து, தேர்வு எழுதி, தஞ்சாவூர்ப் பக்கம் கால்வாய்களில் பயிற்சி முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் இந்த அணைக்கு உதவிப் பொறியாளராக வந்தேன். வந்த புதிதில் 'ஜெசிந்தா மேடம்' என்று யாராவது கூப்பிட்டால் பின்னால் திரும்பிப் பார்ப்பேன்.

என் மேலதிகாரி ஹபிபுல்லா சார். இளையான்குடிக்காரர். ஒல்லியான உடம்பு, உரத்துப் பேசத் தெரியாத குரல். ஜீப்பிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைப்பார். வாய்க்குள் 'பிஸ்மில்லா' சொல்லிவிட்டு வெறுங்காலுடன் கரையின் அடிவாரத்தில் நடப்பார். முள் குத்தினால் எடுத்துப் போட்டுவிட்டு நடப்பார். ஈரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் பாதம் சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. சில இடங்களில் நின்று குதிகாலால் அழுத்துவார். மண் அமுங்கி உடனே எழும்பினால் முகம் மாறும். கரைமேல் ஏறிவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டார். எங்களையும் பேச விடமாட்டார். மேலிடத்து அதிகாரிகள் வந்தாலும் அப்படித்தான். கீழே இறங்கிய பிறகுதான் பேச்சு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நோயாளி வீட்ல சத்தமாப் பேசுவோமா?" என்றார்.

அவரிடம் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும். கரையிலிருந்து எங்கே தண்ணீர் கசிந்தாலும் அதில் பிடித்து, நிழலில் வைத்து, தெளியும் வரை காத்திருப்பார். மண் அணை என்றால் கசியத்தான் செய்யும். கசியும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் கவலையில்லை. டம்ளரின் அடியில் மண் படிந்தால், கரை தன் உடம்பைக் கரைத்துக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டியது. பல வருஷங்களாகப் பாதிகூட நிறையாத அணை, கார்த்திகை பிறந்தபோது விளிம்பு வரை வந்து நின்றது. வயல்காரச் சம்சாரிகள் கரையில் பொங்கல் வைத்தார்கள். அதற்கடுத்த வாரம் அணையின் லஸ்கர் கருப்பையா அலுவலகத்துக்கு வந்தார். மதகை ஏற்றி இறக்கி, கரையைக் காவல் காக்கிற பணியாளர் அவர். ஐம்பதைத் தாண்டியவர், வாட்டசாட்டமானவர். வாசலில் நின்று கொண்டே இருந்தார், உள்ளே வரவில்லை.

"என்ன கருப்பையா?" என்றார் சார்.

"பவர் ஹவுஸ் ஓடுதுங்கய்யா."

"எது ஓடுது?"

"சக்கரம். உச்சி நேரத்துல நல்லாக் கேக்குது. ராமையா அண்ணன் வந்துட்டாக."

நான் சிரிக்கப் பார்த்தேன். சார் சிரிக்கவில்லை. சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. காற்று இல்லை. கரையின் அடிவாரத்தில் கருப்பையாவின் குடியிருப்பு. அதற்குச் சற்றுத் தள்ளிப் புதருக்குள் பவர் ஹவுஸ். கருப்பையாவின் மனைவி பாக்கியம் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இங்குட்டு வாங்க மேடம். இதைப் பாருங்க."

சட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். தண்ணீர் அடங்கவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்ன வளையங்கள் போய்க்கொண்டே இருந்தன. யாரும் சட்டியைத் தொடவில்லை.

"தீபாவளி கழிஞ்சதுல இருந்து இப்படித்தான். அவுக பயந்து சாகுறாக. எனக்குப் பயமில்ல. ராமையா அண்ணன் நல்ல மனுசன்னு எங்க அத்தை சொல்லும்."

நான் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தேன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய அதிர்வு கைக்கு ஏறியது. தூங்குகிற ஒரு பெரிய மிருகத்தின் விலாவில் கை வைத்தாற்போல் இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டேன்.

பவர் ஹவுஸ் கதவின் பூட்டு துருப்பிடித்துச் சாவிக்கு மசியவில்லை. கடப்பாரையால் நெம்பினோம். அதற்கு முன்பே சத்தம் கேட்டது. ம்ம்ம் என்று ஒரே சீரான முனகல். இடையிடையே இரும்போடு இரும்பு உரசும் ஒரு கிறீச். கதவு திறந்ததும் வௌவால் நாற்றத்தோடு குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஜன்னல் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் குழிக்குள் பார்த்தோம்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை. அவசரமில்லாத ஒருவர் கையால் சுற்றுவது போல. செங்கல் வைத்து அடைத்த குழாய். என் வயதைவிட அதிக காலமாக நின்ற சக்கரம். குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதில் விரல் நீளத்தில் கெண்டைக் குஞ்சுகள் வெயில் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமடித்தன.

கருப்பையா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குழாய் குழிக்குள் வரும் இடத்தில் ஒரு வால்வு இருந்தது. நான் இறங்கி அதன் கைப்பிடியைப் பற்றினேன். மூடினால் சக்கரம் நின்றுவிடும், சத்தம் நின்றுவிடும். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சார் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மூடாதீக!"

அவர் உரக்கப் பேசி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"குழாய் உள்ள எங்கயோ துருப்பிடிச்சு ஓட்டையாயிருக்கு. அணைத் தண்ணி கரை வழியா அதுக்குள்ள இறங்கி இங்க வருது. இந்த வாயை நீங்க மூடுனா அது திரும்பிப் போயிராது. கரைக்குள்ளயே வேற வழி தேடும்."

டம்ளரில் தண்ணீர் பிடித்துத் திட்டில் வைத்தார். அது தெளியும்வரை அந்த முனகலுக்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அடியில் ஒன்றும் படியவில்லை. மீன்கள் கீழே வயலிலிருந்து வடிகால் வழியே ஏறி வந்திருக்கும் என்றேன். "இருக்கலாம்," என்றார் சார். அதை அவர் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அன்றே மதகைத் திறந்து தண்ணீரைக் குறைக்கத் தொடங்கினார். மறுநாள் மேலிடத்திலிருந்து தொலைபேசி. இத்தனை வருஷம் கழித்து நிறைந்த அணையை வீணாக்குவதா, வால்வை மூடி மதகையும் மூடுங்கள் என்று உத்தரவு. சார் பேச்சைக் கேட்டு முடித்துவிட்டு, "வால்வை மூடுறதுன்னா நீங்களே வந்து மூடுங்க சார். நான் கீழ குடியிருக்கிறவுகளை முதல்ல வேற இடத்துக்கு அனுப்பிட்டு, உங்களுக்கு வழி விடுறேன்," என்று அதே தாழ்ந்த குரலில் சொன்னார். வால்வைப் பற்றி அதன்பின் பேச்சில்லை. ஆனால் மதகைப் பாதி இறக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் விரல் விரலாகத்தான் குறைந்தது.

அதன்பின் தினமும் நாங்கள் அங்கேதான். காலையில் டம்ளர், பிறகு கரையடி நடை. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. சத்தம் மட்டும் எனக்குப் பழகவில்லை. காரைக்குடியில் வீட்டுக்கு வந்தாலும் மின்விசிறி சுற்றினால் அந்த முனகல் கேட்கும். விசிறியை நிறுத்தினாலும் கேட்கும். அம்மா என் தலைமாட்டில் ஜெபமாலையை வைத்துவிட்டுப் போனார்.

அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறது, அணையைக் கட்டிய குடும்பத்தின் ஊர். கண்டனூரைப் போலவே அங்கும் வீடுகள் பெரியவை, மனிதர்கள் குறைவு. வருஷம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் அந்தக் குடும்பத்தின் வீடு அந்த வாரம் திறந்திருந்தது. அந்தக் குடும்பத்து மீனாட்சி ஆச்சியின் மகளுக்குக் கல்யாணம். சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஜனம் வந்து இறங்கியிருந்தது. வாசலில் தெருவை அடைத்துப் பந்தல். கரையில் நின்றால் நாதஸ்வரம் கேட்டது.

கல்யாணத்தன்று காலையில் நான் குழியில் டம்ளரை முக்கி எடுத்தேன். தண்ணீர் கலங்கலாக வந்தது. சார் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடியில் சிவப்பாக ஒரு படலம் உட்கார்ந்தது. எங்கள் கரையின் செம்மண்.

நான் மறுபடியும் குழியைப் பார்த்தேன். கலங்கல் தண்ணீரில் மஞ்சளாக ஏதோ மிதந்தது. கையை விட்டு எடுத்தேன். செவ்வந்தி இதழ்கள். வாடாத இதழ்கள். கதவுக்கு நாங்கள் போட்ட புதுப் பூட்டின் சாவி என் கைப்பையில் இருந்தது. அந்தப் பூட்டை நான்தான் அன்று காலையில் திறந்தேன். உள்ளே யாரும் வந்திருக்க முடியாது. இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரத்துக்கு அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தன.

"பாக்கியம்!" என்று கத்தினேன். அவள் ஓடி வந்தாள். "இங்க யாரு பூப் போட்டது?"

அவள் குழியை எட்டிப் பார்த்து வாயில் கை வைத்தாள். "இங்க யாரும் போடல மேடம். அவுகதான் விடியவும் அந்தப் பக்கம் போயி, ராமையா அண்ணனை வேண்டிக்கிட்டு மாலையைப் பிச்சு அணைத் தண்ணியில விட்டாக."

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கரைக்கு அந்தப் பக்கம் போட்ட பூ இந்தப் பக்கம் வருகிறது. அப்படியென்றால் கரைக்குள் இருப்பது கசிவு இல்லை, பாதை.

"கருப்பையா, பூவை எந்த இடத்துல விட்டீக?" என்று வாசலில் நின்றவரிடம் கேட்டார் சார்.

கருப்பையா கூட்டிக்கொண்டு போனார். நீர்ப்பக்கம், அடைத்த குழாய்க்கு மேலே பழைய கற்படிகள் இறங்கும் இடம். அணை முழுவதும் சலனமில்லாமல் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. படிகளுக்கு அருகில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் உள்வாங்கிச் சுழன்றது. சில இதழ்கள் அதன் விளிம்பில் சுற்றின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நடுவுக்குப் போய் நின்ற நிலையில் உள்ளே இறங்கியது. குழந்தை பால் உறிஞ்சுவது போல் ஒரு சத்தம்.

சார் கரைமேல் பேசியது அன்றைக்குத்தான். "பாக்கியம், கீழ இருக்கிற வீடு பூரா ஆளுகளை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கருப்பையா, மதகை முழுசாத் தூக்குங்க. ஜெசிந்தா, நீங்க கல்யாண வீட்டுக்குப் போங்க. பள்ளிக்கூடத்து மேட்டுக்கு எல்லாரும் ஏறணும். அந்தப் பந்தல் படுதா எனக்கு வேணும். மணல் ஏத்தின டிராக்டர் எது கண்ணுல பட்டாலும் அனுப்புங்க."

ஜீப்பில் போகும்போது என்ன சொல்வதென்று பலவிதமாக யோசித்தேன். எதுவும் நிற்கவில்லை. வாசலில் இறங்கிய என்னைக் கல்யாணத்துக்கு வந்தவளென்று நினைத்துச் சந்தனம் நீட்டினார்கள். மீனாட்சி ஆச்சியை முற்றத்தில் கண்டேன். பட்டுச் சேலையில், ஐம்பது வயதிருக்கும். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் காதருகில் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போனார்.

"கரை உடையுமா?"

"தெரியாது ஆச்சி."

"உடையாதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது ஆச்சி."

பின்னாலேயே வந்த அவருடைய அண்ணன் குறுக்கிட்டார். "என்னம்மா பேசுறீக? எங்க அய்யா கட்டுன கரை அது. எத்தனை வெள்ளம் பாத்துருக்கு. இன்னைக்குன்னு பாத்து உடையுமாக்கும்? திருப்பூட்டுற நேரத்துல இந்த வீட்டை விட்டு எறங்குனா ஊரு என்ன சொல்லும்?"

ஆச்சி என்னையே பார்த்தார். "நேத்துல இருந்து எங்க கெணத்துத் தண்ணி கை எட்டுற உயரத்துக்கு ஏறி வந்துருக்கு. சமையக்காரவுக சந்தோசப்பட்டாக. எனக்கு அந்தத் தண்ணியப் பாக்கவே பிடிக்கல." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அய்யா வெளக்கு எரியணும்னுதான் கட்டுனாக அண்ணே. அதுல எம்புள்ளைய முக்குறதுக்கு இல்ல. பள்ளிக்கூடத்துல வச்சுத் தாலி கட்டுனா அது தாலி இல்லையா?"

அவ்வளவுதான். முற்றத்துக்கு வந்து கையைத் தட்டினார். மேளம் நின்றது. அந்தக் கூட்டத்தை அவர் எப்படி நகர்த்தினார் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். யாரும் ஓடவில்லை. வயதானவர்களைக் கார்களில் ஏற்றினார்கள். மணப்பெண் மாலையோடு நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெரிய வீடு கதவெல்லாம் திறந்தபடி, விளக்கெல்லாம் எரிந்தபடி, ஆளில்லாமல் நின்றது. பரிமாறிய இலைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

படுதாவோடு நான் அணைக்கு வந்தபோது கூடவே மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்களும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுழி இப்போது அண்டா வாய் அளவுக்கு விரிந்திருந்தது. படுதாவின் ஓரங்களில் மணல் மூட்டைகளைக் கட்டி, சரிவில் மெல்ல இறக்கினோம். தண்ணீருக்குள் பாதி போனதும் அது கற்படியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. கீழே பவர் ஹவுஸில் சக்கரத்தின் சத்தம் முனகல் நிலையைத் தாண்டி ஊளையாகிவிட்டிருந்தது. கரையின் மறுபக்கத்திலிருந்து அது எங்கள் காலுக்குள் ஏறியது.

கருப்பையா சட்டையைக் கழற்றினார்.

"வேண்டாம் கருப்பையா," என்றார் சார். "அது உள்ள இழுத்துரும்."

"எனக்குத் தெரிஞ்ச தண்ணிங்கய்யா. கயித்தைக் கட்டுங்க."

இத்தனை நாளும் அந்தக் கட்டடத்து வாசலைத் தாண்டாத மனிதர். இடுப்பில் கயிற்றைத் தானே சுற்றிக்கொண்டார். முடிச்சைப் போட்டவள் நான். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகக் கயிற்றைப் பிடித்தார்கள். அவர் படிகளில் இறங்கி, மூழ்கி, சிக்கிய ஓரத்தை விடுவித்தார். படுதா சரசரவென்று இறங்கியது. அதோடு அவரும் இறங்கினார்.

கயிறு விறைத்தது. தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. "இழுங்க! இழுங்க!" என்று சார் அலறினார். அத்தனை பேர் இழுத்தும் கயிறு ஒரு சாண்கூட வரவில்லை. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் நடுவில் மறந்துபோனது. திடீரென்று எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக மல்லாக்க விழுந்தோம். கயிறு தளர்ந்திருந்தது. கருப்பையா தண்ணீரைக் கக்கிக்கொண்டு மேலே வந்தார்.

கரையில் கிடத்தினோம். வலது கால் தொடைவரை தோல் வழன்றிருந்தது. கண்ணைத் திறந்ததும் சாரைத் தேடினார்.

"உள்ள கை இருந்துச்சுங்கய்யா."

"பேசாதீக, படுங்க."

"இல்லங்கய்யா. கால் பூரா உள்ள போயிருச்சு. பாதத்துல ஒரு கை வந்து ஒட்டுச்சு. அது இழுக்கல. வெளிய தள்ளிவிட்டுச்சு."

சார் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

படுதா துளையில் சரியாக உட்கார்ந்ததும் உறிஞ்சல் நின்றுவிட்டது, அதனால் கால் விடுபட்டது. பாதத்தில் பட்டது படுதாவின் மடிப்பாக இருக்கும். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். படித்த படிப்புக்கு இதுதான் விடை. கருப்பையாவிடம் மட்டும் அதை நான் சொன்னதில்லை.

படுதாவின் மேல் மூட்டை மூட்டையாக மணலும் களிமண்ணும் இறக்கினோம். டிராக்டர்கள் கரைமேல் வந்து வந்து கொட்டின. சாயங்காலத்துக்குள் தண்ணீர் கற்படிகளுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. நான் பவர் ஹவுஸுக்கு ஓடினேன். சக்கரம் தள்ளாடிச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. நின்றபின் பின்பக்கமாக அரைச் சுற்று வந்து, மறுபடி நின்றது. அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது. பாக்கியம் என் பக்கத்தில் வந்து நின்று, குழியைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "போதும் அண்ணே. போயிட்டு வாங்க."

அன்றே குழியை நிரப்பத் தொடங்கினோம். முதலில் பெருங்கல், அதன்மேல் சரளை, மணல், மறுபடியும் கல். மிச்சம் மீதி கசிந்தாலும் தண்ணீர் மட்டும் வெளியே வரலாம், மண் வரக்கூடாது. இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பள்ளிக்கூடத்தில் கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. மீனாட்சி ஆச்சி சாப்பாட்டை அண்டா அண்டாவாகக் கரைக்கே அனுப்பினார். சேறு படிந்த பட்டு வேட்டிகளோடு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கருப்பையாவின் கால் தேற மாதக்கணக்காயிற்று. ஓய்வு பெறும் வரை அவர் அங்கேயே வேலை பார்த்தார். உச்சி வேளையில் பவர் ஹவுஸ் நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்குவார்.

சித்திரையில் அணை வறண்டது. குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுக் கரையைச் சீர்செய்ய ஆட்களோடு இறங்கினோம். நீர்ப்பக்கம், அடைத்த செங்கல் சுவரை ஒட்டித் தோண்டினார்கள். ஒருவரின் கடப்பாரை, பிடி வரை ஒரே குத்தில் உள்ளே போய்விட்டது. துளை வழியே குளிர்ந்த காற்று வந்தது. அந்தச் சித்திரை வெயிலில் அப்படி ஒரு குளிர். ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகி நின்றார்கள்.

சார் துளையைப் பெரிதாக்கி டார்ச்சோடு தலையை நுழைத்தார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு உள்ளே இறங்கினார். "வாங்க ஜெசிந்தா. நீங்களும் பாக்கணும்," என்று குரல் மட்டும் வந்தது.

தவழ்ந்து போனேன். எழுந்து நிற்க முடிந்தது. கரையின் வயிற்றுக்குள் ஒரு அறை. சுவர்கள் பானையின் உட்புறம் போல வழவழப்பாக இருந்தன. தண்ணீர் தடவித் தடவி மெழுகியிருந்தது. நடுவில் இரும்புக் குழாய், முதுகு வெடித்து, வாயைப் பிளந்து கிடந்தது. குடும்பம் ஒன்று பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவு இடம். சார் டார்ச்சை மேலே திருப்பினார். கிணறு போல மேலே ஏறிப் போயிருந்த கூரையிலிருந்து புல்லின் வேர்கள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. கரைமேல் வளர்ந்த புல்லின் வேர்.

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அப்போது தலைக்கு மேலே டக், டக் என்று கேட்டது. இருவரும் அசையவில்லை. டக், டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சிட்டிகை மண் டார்ச் வெளிச்சத்தில் உதிர்ந்தது. பிறகு மேலே ஒரு ஆடு கத்தியது; பக்கத்தில் நின்று கத்தியது போலத் தெளிவாகக் கேட்டது.

சார் என் தோளைத் தொட்டார். "பேசாம, மெதுவா, வந்த வழியே போங்க," என்று காதுக்குள் சொன்னார்.

நான் வெளியே வந்து, வெயிலில் நின்று, நிமிர்ந்து பார்த்தேன். கரையின் உச்சியில் அந்த ஒற்றை ஆடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்தன்று மணல் டிராக்டர்கள் வரிசையாக வந்து திரும்பிய இடம் அது. கயிறு பிடித்த அத்தனை பேரும், நானும், மல்லாக்க விழுந்த இடம்.